எந்தக் கணினியிலும் இதே பட்டியல்

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாளிலிருந்து கிடைத்தது என்று சொல்லித் தொடங்கத்தான் நினைத்தேன். அதில் பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், குறுக்கெழுத்துப் புதிருக்குப் பக்கத்தில், அந்த ஆண்டில் அதிகம் பேர் பயன்படுத்திய கணினி மொழிகள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. சினிமாப் பாட்டுகளுக்குப் போடுவதைப் போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, போன வருஷத்தைவிட எத்தனை படி ஏறியது, எத்தனை படி சறுக்கியது என்று அம்புக்குறி வேறு. ஒரு மொழிக்குப் பாம்பின் பெயர். ஒன்றுக்குக் காப்பியின் பெயர். இன்னொன்றுக்கு ஒற்றை எழுத்துதான் பெயரே; அவசரத்தில் பிறந்த பிள்ளை போலிருக்கிறது. யாரும் தாலாட்டுப் பாடாத, யாரும் சண்டை போடாத மொழிகளுக்கு என்ன புகழ் வேண்டிக்கிடக்கிறது என்று என் நாத்தனாரிடம் கேட்டேன். அவள் அந்த மொழிகளில் எழுதிப் பிழைப்பவள்.

"சண்டை போட மாட்டாங்களா? எங்க ஆஃபீஸுக்கு வந்து பாருங்க அண்ணி. எது நல்ல மொழின்னு ஒருத்தர் கேட்டா போதும். டீ ஆறிடும், சண்டை ஆறாது."

மீதிப் பாதி உண்மை என்னவென்றால், கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்றே கால் மணிக்கு, என் நாத்தனாருக்கு வந்த அழைப்பு. அதை எழுதிக்கொள்ளலாமா என்று நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கேட்டேன். மூன்று நிபந்தனை போட்டாள். யார் பெயரும் வரக்கூடாது. ஊர் பெயர் வரக்கூடாது. தன்னை நல்லவளாகக் காட்டக்கூடாது. மூன்றாவது எனக்கு வெகு சுலபம் என்று அப்போது நினைத்தேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது.

(என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போடுவதும் அணைப்பதும். அதில் அணைப்பது கொஞ்சம் சந்தேகம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரையில் ஒளிர்ந்த எழுத்துகள் தூரத்து விண்மீன்களைப் போல அவளை—

வேண்டாம். அவள் கண்ணாடியே போடுவதில்லை. விண்மீன் என்று நான் எழுதினால் அது எனக்கு விஷயம் புரியவில்லை என்பதற்கு அடையாளம். எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

இரண்டாவது தொடக்கம்:

குலுக்கல் என்றாலே மனிதர்களுக்குச் சந்தேகம்.

இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

குலுக்கல் என்றாலே மனிதர்களுக்குச் சந்தேகம். காது கேளாத குழந்தைகளுக்கான அந்தப் பேச்சுப் பயிற்சி மையத்தில் வருஷத்துக்கு இருபது இடம்தான். அந்த வருஷம் வந்த விண்ணப்பங்கள் நூற்று எழுபத்து மூன்று. காதில் கருவி பொருத்திவிட்டால் சத்தம் கேட்கும். ஆனால் சத்தம் வேறு, சொல் வேறு. சத்தத்திலிருந்து சொல்லைப் பிரித்தெடுக்கக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும், அதுவும் ஐந்து வயதுக்குள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தப் பெற்றோரும் வீட்டுக்குப் போக முடியாது. நாலு வயதுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

அதனால் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஒவ்வொரு வருஷமும் முடிவு வந்தவுடன் வாசலில் ஒரே கூச்சல். உள்ளே ஆள் வைத்து எடுத்தீர்கள், சீட்டை மடித்து வைத்தீர்கள், அந்தப் பெட்டியின் அடியில் என்ன இருந்தது. மையத்தின் நிர்வாகி அம்மாள் அலுத்துப்போய், தனக்குத் தெரிந்த ஒரு நிரல்காரியைக் கூப்பிட்டார். 

(கணினிக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதுகிறவருக்கு நிரலாளர் என்பதுதான் முறையான சொல். அது விருதுப் பலகையில் போடுகிற சொல்லாக இருக்கிறது. நிரல்காரி என்று எழுதினேன். "வம்புக்காரி மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார். "பொருத்தமாத்தான் இருக்கு," என்றேன்.)

"யாரும் சந்தேகப்பட முடியாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடும்மா," என்றார் நிர்வாகி.

நிரல்காரி யோசித்துவிட்டு ஒன்று சொன்னாள். "சந்தேகப்படாதீங்கன்னு நம்ம சொல்லவே வேண்டாம் மேடம். சந்தேகப்படுறவங்க அவங்க வீட்லயே குலுக்கிப் பார்த்துக்கட்டும். இதே லிஸ்ட்தான் வரணும்."

அந்த விண்ணப்பங்களில் அவளுடைய தோழி ஒருத்தியின் மகளும் இருந்தாள். அதை நிர்வாகியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி.

3

வீட்டிலேயே குலுக்கி, அதே பட்டியல் எப்படி வரும்? எனக்கு இதைப் புரியவைக்க அவளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உங்களுக்கு ஒரு பத்தியில் சொல்கிறேன்.

கணினிக்குத் தானாகக் குலுக்கத் தெரியாது. அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். விதை எண் என்று பெயர். அந்த விதையிலிருந்து பெரிய கணக்கொன்றைப் போட்டு, சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் வரிசையைக் கலைத்துவிடும். எந்த விதைக்கு எப்படிக் கலையும் என்று எந்த மனிதரும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே விதையைக் கொடுத்தால் மறுபடி அப்படியேதான் கலையும். இந்த மேசையிலும், அடுத்த தெருவிலும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடமும். யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்து, ஒருவர் முகம் ஒருவர் அறியாமல், சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்துப் போட்டுத் திருப்பினால் ஐம்பத்திரண்டு சீட்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன! ஒழுங்கு ஒரே மாதிரி இருப்பதில் என்ன அதிசயம். ஒழுங்கின்மை ஒரே மாதிரி இருக்கிறதே, அதற்குத்தான் நான் வாயடைத்துப்போனேன்.

விதை எண்ணையும் அவள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பெற்றோர்களில் ஒன்பது பேர் எல்லோர் முன்னிலையிலும் ஆளுக்கொரு தடவை பகடை உருட்டுவார்கள். அந்த ஒன்பது எண்தான் விதை.

மொழியைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு தியாகம் இருந்தது. அவளுக்குப் பிடித்த மொழி வேறு. செய்தித்தாள் பட்டியலில் அது முப்பத்தேழாவது இடத்தில் எங்கேயோ அம்புக்குறிகூட இல்லாமல் கிடந்தது. அதைப் பற்றிப் பேசும்போது அவள் முகமே மாறிவிடும். "அவ்வளவு சுத்தமா இருக்கும் அண்ணி. ஒரு வரி அதிகம் எழுத முடியாது." ஆனால் இந்த வேலைக்கு அவள் எடுத்தது முதலிடத்தில் நின்ற மொழியை. ஏன் என்று கேட்டேன்.

"எந்தத் தெருவுலயும் அது தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருப்பாங்க. லைப்ரரில வேலை செய்றவங்களுக்குத் தெரியும், காலேஜ் பசங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க தெரிஞ்சவங்களைக் கேட்டுக்கலாம். நாலு பேருக்குப் புரியாத மொழில எழுதிட்டு, நீங்களே சரி பார்த்துக்கோங்கன்னு சொன்னா அது பொய் இல்லையா?"

புகழ் என்பதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அலுவலகத்தில் பதினொரு கணினிகளில் அவள் ஓட்டிப் பார்த்தாள். வரவேற்பு மேசையில் இருந்த பழையது, யாரோ தூக்கிப்போட வைத்திருந்த மடிக்கணினி, மேலாளர் தொடவிடாத புதியது, ஒரு கைபேசி. மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் மூன்று வெவ்வேறு இயங்குதளங்கள். விண்ணப்பங்கள் இன்னும் வந்து சேராததால் சோதனைக்கென்று ஐம்பது எண்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தாள். பதினொன்றிலும் அதே பட்டியல், கடைசி எண்வரை. பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவள்தான், ஆனாலும் பதினோராவது திரையைப் பார்த்தபோது அவளுக்குப் புல்லரித்துவிட்டது. யாருக்கும் சொல்லத் தோன்றாமல், கையைத் தேய்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில், நிரலையும் விண்ணப்பக் கோப்புகளையும் எங்கிருந்து இறக்குவது என்பதில் தொடங்கி ஏழு படிகள் கொண்ட செய்முறை அச்சிட்டிருந்தார்கள். பிழை திருத்தியது நான். "எந்தக் கணினியிலும் இதே பட்டியல் வரும்" என்பது அதன் கடைசி வரி. அந்த வரியில் எந்தப் பிழையும் எனக்குத் தெரியவில்லை.

4

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பகடை உருட்டினார்கள். மையத்து அலுவலகக் கணினியில் நிரலை ஓட்டினார்கள். பதினொரு மணிக்கு இருபது எண்கள் வாசலில் ஒட்டப்பட்டன. கூச்சல் இல்லை. கிடைக்காதவர்கள்கூடக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நிரல்காரியின் தோழி மகளின் எண் பதினேழாவதாக இருந்தது. நிரல்காரி நிதானமாக அலுவலகத்துக்குத் திரும்பினாள், மதியம் நன்றாகச் சாப்பிட்டாள்.

மூன்றே காலுக்கு ஃபோன் வந்தது. பேசியவர் ஒரு பஸ் டிரைவர்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த ஃபார்ம் பின்னாடி போட்டிருந்த மாதிரி வீட்ல ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஓட்டத் தெரிஞ்சது பஸ் மட்டும்தாங்க, ஆனாலும் ஏழு படியையும் அப்படியே செஞ்சேன்."

"சொல்லுங்க சார்."

"என் பொண்ணு நம்பர் வருதுங்க. நாலாவதா. வாசல்ல ஒட்டினதுல இல்லையே."

அப்போது அவள் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை இங்கே எழுத அவளிடம் தனியாக அனுமதி வாங்கினேன். தன் தப்பை ஒத்துக்கொள்ளாதவர் சொல்கிற சாக்கு என்று அவர்கள் தொழிலில் அது ஒரு பழைய கேலி. எவன் இதைச் சொன்னாலும் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"எங்க மெஷின்ல சரியாத்தானே ஓடுச்சு?"

சொன்னவுடன் அவளுக்கே காது சுட்டது. "சார், உங்க லிஸ்டைக் கொஞ்சம் படிங்க," என்றாள். அவர் படிக்கப் படிக்கத் தன் மடிக்கணினியில் மையத்துக் கோப்புகளை இறக்கி, காலையில் விழுந்த அதே விதையைக் கொடுத்து ஓட்டினாள். அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். ஒவ்வோர் எண்ணும் அவள் திரையில் இருந்தது. இருபதும். அதே வரிசையில். மச்சான் கொடுத்த, இரண்டு விசை பெயர்ந்துபோன பழைய மடிக்கணினி அவருடையது. அதுவும் அவளுடையதும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. ஒத்துப்போகாதது வாசலில் ஒட்டிய பட்டியல் மட்டும். இரண்டுக்கும் பொதுவாக இருந்தவர்கள் மூன்றே குழந்தைகள்.

தோழியின் மகள் அந்த மூன்றில் இல்லை.

5

இந்த இடத்தில் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது?

தோழி யாரும் இல்லை. அது நான். பட்டியலில் பதினேழாவதாக இருந்த எண் என் மகளுடையது.

வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவோம். கருவி பொருத்தி அப்போது எட்டு மாதம். வாசல் மணி அடித்தால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். பக்கத்து வீட்டு மணி அடித்தாலும் ஓடிப்போய் எங்கள் கதவைத்தான் திறப்பாள். யாரும் இல்லாத வாசலைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவாள். மணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்த மணி என்று தெரியவில்லை. அதைச் சொல்லித்தரத்தான் அந்த மையம். வருகிற வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

இதை மறைத்ததற்கு இலக்கியக் காரணம் ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். கதாசிரியர் விலகி நிற்க வேண்டும் என்பது போல. நிஜக் காரணம், நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரிந்தால் நீங்கள் அதற்குமேல் என்னை நம்பமாட்டீர்கள் என்ற பயம். இப்போது தெரிந்துவிட்டது. நம்பாமலேயே படியுங்கள்.

6

ஃபோனை வைத்தபிறகு காரணத்தைக் கண்டுபிடிக்க நிரல்காரிக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நூற்று எழுபத்து மூன்று விண்ணப்பங்களும் ஒரு கோப்புறைக்குள் நூற்று எழுபத்து மூன்று கோப்புகளாக இருந்தன. நிரல் கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் வெளியே வாருங்கள் என்று கூப்பிடுகிறது. வீட்டுக் கணினிகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல அவர்களை வரிசையாக அனுப்பின. மையத்து அலுவலகக் கணினி வேறு வகை. யார் வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்களோ அவர்களை முதலில் விட்டது. இரண்டிலும் குற்றமில்லை, வரிசையாக வரச்சொல்லி யாரும் கேட்கவில்லையே. பிறகு இரண்டும் ஒரே விதையை வைத்து, ஒரே மாதிரி, மிகச் சரியாகக் கலைத்தன. தொடங்கிய வரிசை வேறாக இருந்ததால் முடிந்த வரிசையும் வேறாகிவிட்டது. அவள் பதினொரு கணினிகளில் சோதித்தபோது கோப்புறையே இல்லை. எண்களைத் தன் கையாலேயே வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

விட்டுப்போனது ஒரே ஒரு சொல். வரிசைப்படுத்து.

"மொழியைக் குத்தம் சொல்லாதீங்க அண்ணி. எனக்குப் பிடிச்ச மொழில எழுதியிருந்தாலும் இதே தப்பைத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள் பின்னால்.

(ஒவ்வொரு வாசகரும் ஒரு கணினி, ஒரே கதை ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாக ஓடுகிறது என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். என் கணவர் படித்துவிட்டு, "இதை எழுதும்போது நீயே உன் முதுகைத் தட்டிக்கிட்டியா?" என்றார். எடுத்துவிட்டேன்.)

இப்போது அவள் நிலைமையைப் பாருங்கள். வீட்டில் ஓட்டிப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவரிடம், "சார், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு, ஆஃபீஸ் லிஸ்ட்தான் சரி," என்று சொல்லியிருந்தால், "சரிங்க மேடம், எனக்கு என்ன தெரியும்," என்று வைத்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷர். அண்ணன் மகள் மையத்தில் சேர்ந்திருப்பாள். உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அரை மணி நேரம் அவள் அந்த இரண்டு பட்டியல்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அரை மணியில் என்ன நினைத்தாள் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள். நானாகக் கற்பனை செய்து ஒரு பக்கம் எழுதினேன். அதில் அவள் ஒரு சிறுமியின் முகத்தை—

கிழித்துவிட்டேன். அந்த அரை மணி அவளுடையது. என்னால் எழுத முடிந்தது அதற்குப் பிறகு நடந்தது மட்டும். அவள் எழுந்து, பஸ் பிடித்து, நிர்வாகியைப் பார்க்கப் போனாள்.

நிர்வாகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த டிரைவரைத் தவிர வேற யாராவது ஓட்டிப் பார்த்தாங்களா?" என்றார்.

"தெரிஞ்சு இல்ல மேடம்."

"அப்ப?"

"அப்ப, ஒருத்தர் பார்த்துட்டாரு."

நிர்வாகி மேசைமேல் இருந்த குண்டூசி டப்பாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் மூடினார். "உன் அண்ணன் பொண்ணு இருக்கால்ல இந்த லிஸ்ட்ல?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். வாசலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்துவரச் சொன்னார் நிர்வாகி.

7

அவள் அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஃபோனில் சொல்லியிருக்கலாம். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நான் பேசியதை எல்லாம் இங்கே அப்படியே எழுதினால் அச்சகத்தில் என் மானம் போகும். கொஞ்சம் மட்டும்.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கே! யாராவது கேட்டாங்களா உன்னை?"

"ஒருத்தர் கேட்டாரு அண்ணி."

"ரெண்டு லிஸ்டும் குலுக்கல்தானே? நீயா ஒண்ணும் செய்யலையே? ரெண்டுல எது வந்தாலும் நியாயம்தானே? அப்ப ஒட்டினது ஒட்டினதாவே இருந்தா என்ன?"

நல்ல கேள்வி அது. இப்போதும் நான் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கணினி என் மகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கவில்லை. அது பாட்டுக்குக் கலைத்தது, அவள் எண் மேலே வந்தது. இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

வாலு நாத்தனாரின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நியாயம்தான் அண்ணி. ஆனா நம்ம நியாயமா இருக்கும்னு மட்டும் சொல்லல. எந்த மெஷின்ல வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க, இதேதான் வரும்னு எழுதிக் குடுத்தோம். அவர் ஓட்டிப் பார்த்தாரு. வரல."

"அதுக்காக என் குழந்தையை—"

"என் குழந்தையும்தான்."

நான் கதவைச் சாத்தினேன். பத்தொன்பது நாள் அவளோடு பேசவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் வீட்டுக்குச் சேர்த்து வைத்தவளை அன்றுதான் பார்த்தேன்.

என் கணவர் இரண்டு பக்கமும் பேசவில்லை. தங்கை, மனைவி, மகள் மூவரும் ஒரு விஷயத்தில் இருந்தால் ஆண்கள் எங்கே நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பால்கனியில் நின்றார்.

8

கதையை எப்படி முடிப்பது என்று மூன்று வழி பார்த்தேன்.

வழி ஒன்று: நிர்வாகி மனம் இளகி, இரண்டு பட்டியல்களில் இருந்த எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறார். அழகான முடிவு. ஆனால் இருபது குழந்தைக்கு நான்கு ஆசிரியைகள்தான். முப்பத்தேழு பேரை உட்காரவைத்தால் ஒருவருக்கும் சொல் வராது.

வழி இரண்டு: பஸ் டிரைவர் என் வீட்டுக்கு வந்து, உங்கள் மகளே போகட்டும் என்கிறார். இதை எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? அவருடைய மகளுக்கும் நாலு வயதுதான்.

மூன்றாவது, நடந்தது. இதை நான் இட்டுக்கட்டவில்லை.

பத்தொன்பதாம் நாள் மையத்தின் கூடத்தில் மறுகுலுக்கல் என்று எல்லோருக்கும் கடிதம் வந்தது. இரண்டு பட்டியலும் செல்லாது என்றும், தவறு என்ன என்றும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல் சேர்க்கப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள்: கையில் இருக்கிற கணினியைக் கொண்டு வாருங்கள், எதுவானாலும்.

கொண்டு வந்தார்கள்! திரை உடைந்து ஒட்டுப்போட்ட மடிக்கணினிகள். கடையில் ரசீது போடுகிற எந்திரம். ஒரு தாத்தா மேசைக் கணினியைப் பெட்டி, திரை எல்லாவற்றோடும் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு அம்மாவிடம் கைபேசிதான் இருந்தது; நூலகத்தில் வேலை செய்கிற ஒருவர் முன்கூட்டியே அதில் எல்லாம் ஏற்றிக் கொடுத்திருந்தார். மின்இணைப்புக் கம்பிகள் தரையெங்கும் கிடந்தன. குழந்தைகள் அவற்றைத் தாண்டித் தாண்டி விளையாடினார்கள். நான் என் கணவரின் மடிக்கணினியோடு பின்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மனிதர் இரண்டு விசை பெயர்ந்த மடிக்கணினியைத் திறந்தபோது யார் என்று தெரிந்துவிட்டது.

நான் அவரைப் பார்த்த பார்வையிலேயே நான் யார் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"நான் அந்த ஃபோனைப் பண்ணாம இருந்திருக்கலாம்னு நினைக்கிறீங்கல்ல?" என்றார்.

"ஆமா," என்றேன்.

"சில நாள் எனக்கும் தோணும்மா. எது நிஜம்னுதான் கேட்டேன். ரெண்டும் இல்லைன்னுட்டாங்க." திரையைத் துடைத்துக்கொண்டே, "என் லிஸ்ட்லதான் அவ நாலாவதா இருந்தா," என்றார்.

அவருக்கும் ஒரு பட்டியல் கைவிட்டுப் போயிருந்தது. பத்தொன்பது நாளில் ஒரு நாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

ஒன்பது பெற்றோர் பகடை உருட்டினார்கள். நாத்தனார் மேடையில் நின்று ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். நாங்கள் தட்டினோம். நூற்றைம்பது பேராவது இருப்போம். பலர் வாழ்க்கையில் முதல்முறையாக நிரல் ஒன்றை ஓட்டுகிறார்கள், என்னையும் சேர்த்து. "இப்ப எண்டர் தட்டுங்க," என்றாள்.

கூடத்தில் சத்தமே இல்லை. சில திரைகளில் உடனே வந்தது. சிலவற்றில் மூன்று நொடி, நான்கு நொடி. போர்வைத் தாத்தாவின் கணினி கடைசியாக முனகிக்கொண்டு வந்து சேர்ந்தது. பிறகு முன்வரிசையில் யாரோ சரிபார்ப்பதற்காக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்தவரும் தன் திரையைப் பார்த்துப் படித்தார். அது வரிசை வரிசையாகப் பின்னால் பரவி என்னிடம் வந்தது. பஸ் டிரைவர் படித்தார். நானும் படித்தேன். ஒருவர் திரையை ஒருவர் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு கணினி, ஆளுக்கு ஒரு வகை, ஆனால் கூடம் முழுக்க ஒரே வாய்தான் இருந்தது.

ஐம்பத்தெட்டு. நூற்று முப்பத்தொன்று. ஏழு. தொண்ணூற்று நான்கு. நூற்று அறுபத்தாறு. இருபத்து மூன்று. நூற்றுப் பன்னிரண்டு. நாற்பது. நூற்று நாற்பத்தொன்பது. மூன்று. எண்பத்தைந்து. நூற்று இருபது. அறுபத்தொன்று. நூற்று எழுபத்திரண்டு. பதினாறு. நூற்று முப்பத்தேழு. இருபத்தொன்பது. நூற்றொன்று. எழுபத்து நான்கு. நூற்று ஐம்பத்தைந்து.

ஒரு குரல்கூடப் பிசகவில்லை. பிழை திருத்தியே பதினெட்டு வருஷம் கழித்தவள் நான். ஒரே பக்கத்தை இரண்டு பேர் இரண்டு முறை அச்சுக் கோர்த்தால் இரண்டு விதமான பிழை வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். நூற்றைம்பது பேரிடமிருந்து ஒரே பக்கம் பிழையில்லாமல் வருவதை அன்றுதான் பார்த்தேன். மேடையில் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த இருபது எண்களைப் படித்து முடிக்கும்வரை எங்கள் எண் என்ன என்பது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.

9

பிறகு நினைவுக்கு வந்தது.

அந்த எண்ணை நான் இதுவரை எழுதவில்லை. டிரைவர் மகளின் எண்ணையும் எழுதவில்லை. மறந்துபோய் இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் எழுதி, ஒவ்வொரு பிரதியிலும் எடுத்தேன்.

ஏனென்றால் எழுதிய பிரதியை நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மகளுக்கு இடம் கிடைத்தது என்று இருந்த பிரதியைப் படித்தவர்கள், உன் நாத்தனார் எவ்வளவு பெரிய மனசுக்காரி, நல்லது செய்தால் நல்லதே நடக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை என்று இருந்த பிரதியைப் படித்தவர்கள், பிழைக்கத் தெரியாதவள், வீட்டுக் குழந்தையின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்றார்கள். இரண்டு பிரதியிலும் அவள் செய்தது ஒன்றேதான். ஒரு சொல் மாறவில்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து பஸ் பிடிக்கப் போனபோது இந்த இருபது எண்களும் இல்லை, பகடைகூட உருளவில்லை.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. பட்டியல் மேலே இருக்கிறது. வாலுவின் எண்ணை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அதில் இருக்கிறதாகவோ இல்லாததாகவோ. ஆனால் எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், என் நாத்தனார் செய்தது சரியா இல்லையா. எழுதிய பிறகு வந்து சொன்னால் நான் கேட்கமாட்டேன்.